கல்லேறிய வண்டி

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே உறுதியில்லை. அது மாசிக் கடைசி என்று எனக்கு ஒரு நினைப்பு. பங்குனி பிறந்துவிட்டது என்று ராமக்காள் சாதிக்கிறாள். அன்றைக்கு வெயில் காரின் மேல் விழுந்து கண்ணைக் குத்தியது என்கிறாள் அவள். சித்தேரி மலை முழுக்கப் புகைமூட்டம் ஏறி வெயில் மங்கிக் கிடந்ததாக எனக்கு ஞாபகம். புளி உலுக்குகிற காலம் என்பதில் மட்டும் இருவருக்கும் சண்டையில்லை. இதில் கொஞ்சம் ராமக்காள் சொன்னது, கொஞ்சம் மணிமேகலை சொன்னது. சந்திரமோகன் எதுவும் சொன்னதில்லை. அவன் பேசாமல் இருந்த இடங்களை நான் என் போக்கில் நிரப்பியிருக்கக்கூடும். அதற்கும் அவன் மறுப்புச் சொல்லப்போவதில்லை.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மலைப்பக்கம் போகும் சாலையில், ஏரியைத் தாண்டி இடதுகைப் பக்கம் திரும்பினால் சந்திரமோகனும் அவன் பெண்டாட்டி மணிமேகலையும் இருக்கும் கொட்டாய் வரும். ஊருக்குள் இல்லாமல் அவரவர் நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறவர்கள். அடுத்த வீடு ராமக்காளுடையது, கூப்பிடு தூரத்தில். நடுவில் ஒரு புளியமரமும் மரவள்ளிக் காடும்தான்.

சந்திரமோகன் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவன். வெள்ளை நிறத்தில் ஒரு டீசல் வண்டி. மலைக்காரர்களை இறக்கிக் கொண்டுவருவான், கல்யாணத்துக்குச் சேலம் போவான், பெங்களூருக்குப் படிக்கப் போன பிள்ளைகளைத் தொப்பூர் வழியாக ஏற்றி வருவான். அதற்கு முந்தைய ஆடியில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டான். வலது கையும் வலது காலும் போயிற்று. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பேச்சு திரும்பி வந்தது, ஆனால் கோணலாக வந்தது. அந்தப் பேச்சை நாலு பேர் கேட்க வைப்பதைவிடப் பேசாமலே இருந்துவிடலாம் என்று முடிவு செய்தவன்போல இருந்தான்.

கார்த்திகையில் மணிமேகலை காரை எடுத்தாள். ஏரி வற்றிக் கிடந்த ஒரு கோடையில், ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவன்தான் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசன்சும் எடுத்து வைத்திருந்தான். அந்த அவசரம் இப்படி வருமென்று இரண்டு பேருமே நினைத்திருக்கவில்லை. சந்தை நாளில் சித்தேரிப் பெண்களைச் சாமை மூட்டையோடும் புளிக்கூடையோடும் இறக்கி வந்தாள். "பொம்பள ஓட்டற வண்டி" என்று அவர்களே தேடிப்பிடித்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முறை அவள் சாவியைத் திருகும்போதும் உள்ளே கட்டிலில் கிடக்கிறவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அவள் கண்ணாடியில் ஜன்னலைப் பார்ப்பாள். முதுகு தெரியும்.

அந்த முதுகோடுதான் அவள் நான்கைந்து மாதங்கள் குடித்தனம் நடத்தினாள்.

வண்டியை விற்றுவிடுவது என்று அவன் முடிவெடுத்ததை அவளிடம் சொல்லவில்லை. பாப்பாரப்பட்டியில் வண்டி வாங்கி விற்கிற குரு, முன்பு அவனோடு ஸ்டாண்டில் நின்றவன், வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாக ஃபோனில் சொன்னபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அன்று ராமக்காளும் அங்கே இருந்தாள், மோர் கொண்டுவந்தவள்.

"என்னாத்துக்கு விக்கணும்?" என்று மணிமேகலை கேட்டாள். "ஓடிக்கினுதானே இருக்குது?"

அவன் வெகுநேரம் கழித்துத்தான் வாயைத் திறந்தான். "ஆயில் மாத்தற நேரம் தாண்டிப் போச்சி. தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். கொண்டு போய் வுட்டேன். அண்ணன் ஃபோன் பண்ணி, நான் சொல்ற வரைக்கும் கை வெக்காதன்னு சொல்லிட்டாருன்னு மெக்கானிக்கு திருப்பி அனுப்பிட்டான்."

"அதான். ஒரு ஆயில் மாத்தறதுக்கு எவன் கடையில போய் நிப்ப? ஆயிலே மாத்தத் தெரியாதவளுக்கு வண்டி எதுக்கு?"

ராமக்காள் மோர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கீழே வைத்தால் சத்தம் வருமே என்று வைக்கவில்லையாம்.

"நானே மாத்தறேன்," என்றாள் மணிமேகலை. "வெள்ளிக்கெழம அந்த ஆளு வர்றதுக்குள்ள மாத்திக் காட்டறேன். மாத்திட்டா வண்டிய விக்கக் கூடாது."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பினான்.

"சரின்னு சொல்லுங்க, இல்லன்னு சொல்லுங்க."

பதில் வரவில்லை. அவள் ராமக்காளைப் பார்த்தாள். "யக்கா, இல்லன்னு சொல்லல. கேட்டுக்கினியா?"

"எனக்கு எதுக்குடி இந்தப் பஞ்சாயத்து?" என்றாள் ராமக்காள். "கேட்டன், கேட்டன். இல்லன்னு சொல்லல."

மணிமேகலைக்கு இன்னொரு அவசரமும் இருந்தது. மலைமேலே சின்னபொண்ணு என்கிறவள் தன் மருமகள் ரேவதியை நாள் நெருங்குவதற்கு முன்னாலேயே இறக்கி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். "நீயே வா தாயி, ஒன் வண்டின்னா புள்ள பயப்படாம வருவா." சனிக்கிழமை வருவதாக மணிமேகலை வாக்குக் கொடுத்திருந்தாள். கரி ஏறிப்போன ஆயிலோடு அந்த வளைவுகளில் கர்ப்பிணியை உட்காரவைத்து ஏற முடியாது. இது அவளுக்கு நன்றாகத் தெரியும். சந்திரமோகன் வாசலில் ஆயில் மாற்றிய ஒவ்வொரு தடவையும் டார்ச் பிடித்துக்கொண்டும் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்துக்கொண்டும் நின்றவள் அவள்தான். நின்றிருக்கிறாள், அவ்வளவே. வண்டிக்கு அடியில் ஒரு நாளும் போனதில்லை.

புது ஆயிலும், ஆயிலை வடிகட்டுகிற ஃபில்டரும் முன்னாலேயே வாங்கி வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்துக் குவாரியில் கழித்துப்போட்ட கருங்கல் பலகைகளை இழுத்து வந்தாள். வேலிக்கு நடவென்று சந்திரமோகன் எப்போதோ வாங்கிப் போட்டவை. அகலமானதைக் கீழே, சின்னதை மேலே என்று இரண்டு பக்கமும் படிபோல அடுக்கினாள். ஒரு கல் ஆடியது. எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து மேலே ஏறி நின்று குதித்துப் பார்த்தாள்.

"ஒடம்ப ஒடச்சிக்காதடி," என்றாள் ராமக்காள். அவள் புளியும் முறமுமாக வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். கொட்டை எடுக்கிற வேலையை எங்கே உட்கார்ந்தும் செய்யலாம், இங்கே செய்தால் வேடிக்கையும் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு காலி டின் இருந்தது. "இந்தப் பழைய எண்ணெய எனக்குன்னு வெச்சிரு. மாட்டுக் கொட்டகைக் கம்பத்தப் பூரா கரையான் அரிச்சிப்புடுச்சி. பூசி வுட்டன்னா ஒண்ணும் கிட்ட வராது."

"மொதல்ல எறங்கட்டும்க்கா."

"எறங்காம எங்க போயிரும்? ஒம் புருசன் வாயில இருக்கற பேச்சா, உள்ளயே நிக்கறதுக்கு?"

மணிமேகலைக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னலைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்கினாள். முதல் கியரில் மெல்ல ஏற்றினாள். முன்சக்கரங்கள் கல்லில் ஏறி நின்றபோது காரின் மூக்கு மேலே தூக்கி, எதிரே மலை மறைந்து வானம் மட்டும் தெரிந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்குப் பின்னால் பெரிய கல்லாகப் பார்த்துக் கொடுத்தாள். இறங்கி வந்து வண்டியைப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. சாக்கை விரித்து, சேலையை இழுத்துச் செருகி, அவனுடைய பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு உள்ளே புகுந்தாள்.

இத்தனை வருஷம் தங்களுக்குச் சோறு போட்ட வண்டியின் வயிற்றை அவள் அன்றுதான் பார்த்தாள். மலைச் செம்மண் அடை அடையாகக் காய்ந்திருந்தது. எங்கோ சிக்கிய புல் ஒன்று பொன் நிறத்தில் தொங்கியது. கல் அடித்த ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் துரு. மேலிருந்து சூடு இறங்கி முகத்தில் படிந்தது. யாரும் இங்கே வரமாட்டார்கள், யாரும் கூப்பிட்டாலும் உடனே போக முடியாது. அந்த இடுக்கில் படுத்துக்கிடப்பது அவளுக்கு ஏனோ பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் சும்மா கிடந்தாள்.

"தூங்கிட்டியாடி?"

"இல்லக்கா."

ஆயிலை வடிக்கிற அடிப்போல்ட்டில் ஸ்பேனரை மாட்டித் திருகினாள். இறுகிக்கொண்டே போனது. மல்லாந்து கிடக்கும்போது இடமும் வலமும் மாறிப்போவது அப்போதுதான் புத்தியில் பட்டது. ஒரு பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து மூடியைத் திறப்பதாக மனசுக்குள் வைத்துக்கொண்டு மறுபக்கம் திருகினாள். அசையவில்லை. ஒரு கல் துண்டை எடுத்து ஸ்பேனரின் முனையில் தட்டினாள். இன்னொரு தட்டு. சட்டென்று விட்டுக்கொடுத்தது. சிமெண்டு கலக்குகிற இரும்புச் சட்டியை நகர்த்தி வைத்து, கடைசி மறையை விரலால் கழற்றினாள். ஆயில் பீறிட்டுப் புறங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் ஓடியது. சுட்டது. கையை எடுக்காமல் போல்ட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா சாமி! மசியாட்டம் வருதே," என்றாள் ராமக்காள், முறத்தை வைத்துவிட்டுக் குனிந்து. "இத்தக் குடிச்சிக்கினா இந்த வண்டி ஓடுது?"

ஆயில் கயிறாக விழுந்து, பிறகு நூலாகி, பிறகு சொட்டானது. அது முழுக்க வடியட்டும் என்று விட்டுவிட்டு, கையைச் சாம்பலும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, உள்ளே போய் அவனுக்குக் களியும் கீரைக் கடைசலும் எடுத்துவைத்தாள். சோறு என்றால் இடது கையில் சிந்தும், களி சிந்தாது. உருட்டி எடுத்து விழுங்கிவிடலாம். அவன் சாப்பிடுவதைப் பார்க்காதவள்போல அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளிடமிருந்து டீசல் இன்ஜினின் வாடை வந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் அவனிடமிருந்து வந்த வாடை. அது அவன் மூக்கிலும் பட்டிருக்க வேண்டும். கை பாதியில் நின்றது. வாயைத் திறந்தான்.

"ஃபில்டரு..."

"என்னா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்தான். "தண்ணி," என்றான்.

அவள் தண்ணீர் கொடுத்தாள்.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், ஆணியில் தொங்கிய அவனுடைய தோல் பெல்ட்டைப் பார்த்தாள். ஆடியிலிருந்து அது அங்கேயே தொங்குகிறது. "ஃபில்டரு கழட்ட வேணும். பெல்ட்ட எடுத்துக்கறேன்," என்றாள். அவன் ஆணியைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டான். அவள் எடுத்துக்கொண்டாள்.

பெல்ட்டைப் பழைய ஃபில்டரில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையில் ஒரு கட்டையை முறுக்கிக் கொடுத்து இழுத்தாள். பாரம் ஏற்றிய வண்டிக் கயிற்றைக் கட்டை கொடுத்து முறுக்குகிற அதே வேலைதான். பிடிவாதமாக இருந்தது. மூன்றாவது இழுப்பில் கிரீச்சென்று சுழன்றது. மீதி இருந்த ஆயில் கழுத்திலும் காதிலும் வழிய, அதைக் கழற்றி வெளியே நீட்டினாள்.

"யக்கா, இந்தா. இதுக்குள்ளயும் இருக்குது ஒனக்கு."

ராமக்காள் அதை விட்டுவைப்பாளா? ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, மாட்டுக் கொட்டகைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டு, கடைசிச் சொட்டும் டின்னில் விழட்டும் என்று வைத்துவிட்டு வந்தாள். அதற்குள் மணிமேகலை ஃபில்டர் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்திருந்தாள். கண்ணால் பார்க்க முடியாத இடம். கைதான் போகும். கைக்கு வழவழவென்று இருந்தது. அது போதும் என்று நினைத்துவிட்டாள்.

புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் புது ஆயிலைத் தடவினாள்.

"அப்படியே மாட்டாதடி. புதுப் பொருளு," என்று ராமக்காள் இடுப்பு முடிச்சிலிருந்து குங்குமம் எடுத்து நீட்டினாள். மணிமேகலை ஃபில்டரின் அடியில் ஒரு பொட்டு வைத்தாள். கையாலேயே இறுக்கினாள். அடிப்போல்ட்டைப் புது வாஷரோடு மாட்டினாள். வெளியே வந்து, மேலே மூடியைத் திறந்து, புது ஆயிலை ஊற்றினாள். தேன்போல இறங்கியது. அளவுக் கம்பியை உருவித் துடைத்து, விட்டு, மறுபடி உருவிப் பார்த்தாள். சரியாக இருந்தது.

சாவியைத் திருகினாள். ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்து, அணைந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள். முதுகு இல்லை. முகம் இருந்தது. அவன் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்து, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"ஏ, நிறுத்து! நிறுத்துடி! அடியில பீச்சி அடிக்குது!"

ராமக்காளின் கத்தலில் சாவியை அணைத்துவிட்டு இறங்கி ஓடினாள். புது ஆயில், தேன் நிறத்திலேயே, மண்ணில் பரவி நின்றது. குங்குமப் பொட்டின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. ராமக்காள் முகத்திலும் தெறித்திருந்தது.

மலைப்பக்கமிருந்து ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நாந்தான் குங்குமம் குடுத்தன். அதனாலயாடி?" என்றாள் ராமக்காள், பயந்த குரலில்.

"குங்குமத்துக்கும் இதுக்கும் என்னாக்கா இருக்குது?" அவள் சாக்கில் போய்ப் படுத்தாள். அடிப்போல்ட் காய்ந்து கிடந்தது. ஒழுகியது ஃபில்டர் பக்கம்தான். கழற்றிப் பார்த்தாள். வளையம் இருந்தது, கிழியவில்லை, நசுங்கவில்லை. பின் ஏன்? அழுகை வருகிற மாதிரி இருந்தது. அழுதால் கண்ணில் ஆயில் பட்டு எரியும் என்று அடக்கினாள். ஒரு வளையம் இருக்கிறது. புதியதற்கு ஒன்று. அப்படியானால் பழையதற்கும் ஒன்று இருந்திருக்க வேண்டும்.

"யக்கா, அந்தப் பழைய ஃபில்டரு எங்க?"

"கம்பத்துல தொங்குது."

"எடுத்துக்கினு ஓடியா."

ராமக்காள் மரவள்ளிக் காட்டின் குறுக்கே, இந்த வயதில் இப்படி ஓடியதில்லை என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே ஓடிப் போய் எடுத்து வந்தாள். மணிமேகலை திருப்பிப் பார்த்தாள். வளையம் உட்காரும் பள்ளம் காலியாக இருந்தது. காலியான பள்ளத்தின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் ஏதோ காய்ந்து உடைந்திருந்தது. முகர்ந்தாள். செல்லாக். இன்ஜின் இணைப்புகளில் ஒழுகாமல் இருக்க மெக்கானிக்குகள் பூசுகிற பசை. அவனுடைய டூல்ஸ் பெட்டியில் ஒரு சின்ன டப்பி இருக்கும். போன தடவை டார்ச் பிடித்து நின்றபோது அவன் அதைப் பூசவில்லை. எனவே அவளுக்குத் தெரியாமல், வேறு எங்கோ வைத்துப் பூசியிருக்கிறான்.

அதை யோசித்துக்கொண்டே உள்ளே கையை விட்டு நகத்தால் தடவினாள். வழவழவென்று இரும்புபோல இருந்ததன் ஓரத்தில் நகம் ஏறியது. ரப்பர். பழைய வளையம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதன் மேல்தான் அவள் புதியதை இறுக்கியிருந்தாள்.

கத்தி வேண்டாம், கீறிவிடும். ராமக்காளிடம் மூங்கில் சிம்பு ஒன்றைச் சீவி வாங்கிக்கொண்டு சுரண்ட ஆரம்பித்தாள். அப்போதுதான் பைக் சத்தம் கேட்டது.

குரு வண்டியை நிறுத்தி, கல்லின் மேல் நிற்கும் காரையும் அடியில் தெரியும் கால்களையும் தேங்கி நிற்கும் ஆயிலையும் பார்த்தான். யாரிடமும் எதுவும் கேட்காமல் நேராக உள்ளே போனான். ஜன்னல் திறந்திருந்தது. அவள் சுரண்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா மோகனு, வாசல்ல ஆயிலு ஏரியாட்டம் நிக்குது. இன்ஜின் போச்சா?"

கட்டில் கிறீச்சிட்டது மட்டும் கேட்டது.

"கெட்டுப்போன இன்ஜின எவன்டா எடுப்பான்? நீ நல்லா இருக்குதுன்னு சொன்னியேன்னு நம்பி வந்தன். இப்ப என்னா பண்றது, இரும்பு வெலைக்குத்தான் போடணும். அந்தம்மா கை வெச்சி எதையோ ஒடச்சிப்புடுச்சி போல."

மறுபடி மௌனம். அவள் அந்த மௌனத்தை அறிவாள். அது முடிவுக்கு வராது. அதற்கு அடி கிடையாது. அவள் சிம்பை அழுத்தினாள். வளையத்தின் ஒரு முனை பெயர்ந்து வந்தது.

"இன்ஜின்ல..." என்று அவன் குரல் கேட்டது. எச்சிலை விழுங்குகிற சத்தம். "இன்ஜின்ல ஒண்ணுமில்ல."

"பின்ன இது என்னா?"

"ரிங்கு. பழைய ரிங்கு. மேலயே ஒட்டிக்கினு இருக்கும். அவ ஒண்ணும் ஒடைக்கல. நாந்தான் செல்லாக்கு வெச்சேன்." ஒவ்வொரு சொல்லாக, மூட்டையைத் தூக்கி வைப்பதுபோல வைத்தான். "தொப்பூர் எறக்கத்துல ஒழுவிச்சி. சவாரி இருந்தாங்க, கொழந்தைங்களோட. லாரி மேல லாரி வருது. ஓரங்கட்டி, பூசி, இறுக்கி ஓட்டியாந்துட்டேன். அப்புறம் சரி பண்ணலாம்னு இருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நான் வுழுந்துட்டேன்."

"இத அந்தம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதான?" என்றான் குரு, தணிந்த குரலில்.

மணிமேகலை வெளியே வந்தாள். தலைமுடியில், கழுத்தில், அவனுடைய சட்டையில் எல்லாம் ஆயில். கையில் கருத்துப்போன வளையம். வாசற்படியில் நின்று அதைச் சந்திரமோகன் பார்க்கிற மாதிரி பிடித்தாள்.

"தெரிஞ்சிதான் படுத்திருந்தீங்க."

"ம்."

"களி திங்கறப்பவே சொல்ல வந்தீங்க."

"ம்."

"ஏன் சொல்லல?"

அவன் இடது கையால் போர்வையின் ஓரத்தைப் பிடித்தான், விட்டான். "நீ வந்து கேப்பேன்னு பாத்தேன்."

"நான் கேக்காம தோத்திருந்தா?"

"வித்துருப்பேன்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது என்று பின்னால் ராமக்காளிடம் சொல்லியிருக்கிறாள். பொய் சொல்லாத பதில். "இப்ப?" என்று கேட்டாள்.

அவன் வளையத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "நீ இன்னும் முடிக்கல," என்றான்.

அவள் தலையாட்டினாள். அது சரிதான். மண்ணுக்குப் போன ஆயிலுக்குப் பதில் ஆயில் வேண்டும். அவள் குருவின் பக்கம் திரும்பினாள். "அண்ணா, பைக்ல வந்திருக்கீங்க. நான் இந்தக் கோலத்துல கடைக்குப் போவ முடியாது. ஒரு கேன் ஆயிலு வாங்கியாந்து குடுத்துடுங்க."

"நானா?"

மரத்தடியில் ராமக்காள் வாய்விட்டுச் சிரித்தாள். "போயா, போ! வண்டி வாங்க வந்தவன் ஆயிலாவது வாங்கு."

குரு சந்திரமோகனைப் பார்த்தான், இதற்கு என்ன சொல்கிறாய் என்பதுபோல. கட்டிலிலிருந்து பதில் வந்தது. "டீசல் வண்டிக்குனு கேட்டு வாங்கு. மலிவா இருக்குதுன்னு கண்டதையும் வாங்கியாந்துறாத."

குரு போய் வருவதற்குள் அவள் ஒட்டியிருந்த செல்லாக்கை இம்மி விடாமல் சுரண்டினாள். டீசல் நனைத்த துணியால் துடைத்து, விரலால் சுற்றிச் சுற்றித் தடவினாள். இந்த முறை கையை நம்பவில்லை. முகம் பார்க்கிற கண்ணாடியின் உடைந்த துண்டு ஒன்றை ராமக்காளிடம் வாங்கி, டார்ச் அடித்து, மேலே பிடித்துப் பார்த்தாள். வெறும் இரும்பு, சுத்தமாக மின்னியது. புது வளையத்தில் மறுபடி ஆயில் தடவி, மறுபடி மாட்டினாள். மண்ணில் கிடந்த ஆயிலின் மேல் சாம்பலைக் கொட்டினாள்.

குரு வாங்கி வந்ததை ஊற்றி அளவு பார்த்துவிட்டு, கதவைத் திறந்து உட்கார்ந்தபோது, வீட்டுக்குள் கோல் ஊன்றுகிற சத்தம் கேட்டது. ஒரு ஊன்றல், ஒரு இழுப்பு. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சந்திரமோகன் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். ஆடியில் விழுந்ததிலிருந்து, ஆஸ்பத்திரிக்குத் தவிர, அவன் இந்த நிலையைத் தாண்டியதில்லை.

சாவியைத் திருகினாள். விளக்கு எரிந்து அணைந்தது. இன்ஜின் ஓடியது. குரு ஒரு பக்கம் குனிந்திருந்தான். ராமக்காள் சாக்கில் குப்புறப் படுத்து, தலையை நீட்டி, குங்குமப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்திரமோகன் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, காதால் அந்த வண்டியைத் தடவிக்கொண்டிருந்தான். வெகுநேரம் ஓடவிட்டாள். புகைமூட்டத்துக்குள்ளிருந்து மலை மெல்ல வெளியே வந்த மாதிரி இருந்தது என்கிறாள் மணிமேகலை. அது எப்படித் தெரிந்திருக்கும்? காரின் மூக்கு வானத்தைப் பார்த்தல்லவா நின்றது? இருந்தாலும் அவள் அப்படித்தான் சொல்கிறாள்.

"ஒண்ணும் வரலடி," என்றாள் ராமக்காள். "ஒரு பொட்டு வரல."

"ஆஃப் பண்ணு," என்றான் சந்திரமோகன். "கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் அளவு பாரு. கொறஞ்சிருக்கும், ஊத்து."

அவள் அணைத்தாள்.

குரு கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தான். "அப்ப நான் என்னாத்துக்குப்பா வந்தன்?"

சந்திரமோகனின் கோணிய வாய் இன்னும் கொஞ்சம் கோணியது. அது சிரிப்பு என்று தெரிந்துகொள்ள மூன்று பேருக்கும் சற்று நேரம் ஆயிற்று. "ஆயிலு வாங்கியாந்த இல்ல," என்றான். "களி இருக்குது. தின்னுட்டுப் போ."

மறுநாள் காலை மணிமேகலை மலை ஏறினாள். ரேவதியையும் சின்னபொண்ணுவையும் இறக்கி வந்தாள். ஒரு வாரம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக இருக்கிறது. குரு அந்த மாதமே அரூர்ப் பக்கம் வேறொரு வண்டி வாங்கினான். இந்தப் பக்கம் வந்தால் ராமக்காள் இன்னும் அவனை "ஆயிலுக்காரன்" என்றுதான் கூப்பிடுகிறாள். அவளுடைய மாட்டுக் கொட்டகைக் கம்பங்களில் கரையான் ஏறவில்லை. எண்ணெய் போதாமல் விட்டுப்போன மூலைக் கம்பத்தை மட்டும் தின்றுவிட்டது. சந்திரமோகன் பிறகு வண்டி ஓட்டவில்லை. ஓட்டமுடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சில மாதங்கள் அதில் ஏறவும் மறுத்தான். பிறகு தருமபுரிக்கு உடற்பயிற்சிக்குப் போக ஏறினான். முதலில் பின்சீட்டில், இப்போது முன்னால், அவளுக்குப் பக்கத்தில். இறக்கம் வந்தால் அவனுடைய இடது கால் இல்லாத பிரேக்கை மிதிக்கிறது. வலது கை இன்னும் தூக்க வரவில்லை. பேச்சு கொஞ்சம் திருந்தியிருக்கிறது, ஆனால் அதிகம் பேசுவதில்லை. ஆயில் மாற்றும் நாளில் மணிமேகலை அதே கற்களை இழுத்துப் போட்டு வண்டியை ஏற்றுகிறாள். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் ராமக்காளிடம் கொடுப்பதற்கு முன்னால் அவனிடம் கொண்டுபோய் நீட்டுகிறாள். அவன் வளையம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறான். பெல்ட் எண்ணெய்க் கறையோடு அந்த ஆணியிலேயே தொங்குகிறது.